திருகினால் கொட்டும் மூடி: ஒரு சின்ன டப்பாவுக்கு காப்புரிமை கிடைக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

பவுடர் டப்பாவின் தலையைக் கொஞ்சம் திருகினால் ஓட்டைகள் திறக்கும். திருப்பித் திருகினால் மூடிக்கொள்ளும். தினமும் காலையில் கை தானாகச் செய்யும் வேலை இது. மிளகுத்தூள் பாட்டில், டூத்பிக் டப்பா, சில மாத்திரை டப்பாக்கள் என எல்லாவற்றிலும் இதே சங்கதிதான்.

இந்த மூடியில் சின்ன மாற்றம் செய்து, ஒரு திருகலுக்குச் சரியாக அரை ஸ்பூன் உப்பு மட்டும் விழும்படி ஒருவர் டப்பா செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் நோயாளிகளுக்கு உப்பை அளந்து போட உதவும் என்பது அவரது யோசனை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே யோசனைக்குத் தேவை இருக்கிறது. ஆனால், காப்புரிமை கிடைக்குமா?

இதில் காசு மாட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் மூடி ஊற்ற ஒரு மோல்டு செய்யவே லட்சக்கணக்கில் செலவாகும். பாதுகாப்பு இல்லாமல் சந்தைக்கு வந்தால், நாளைக்கே இன்னொருவர் அதே மூடியைப் போட்டு விற்கலாம். கிடைக்கவே வாய்ப்பில்லாத காப்புரிமைக்குப் பின்னால் ஓடினால் அந்தப் பணமும் வீண். எனவே, முதலிலேயே எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

மூடிக்குள் என்ன நடக்கிறது?

சுழலும் மூடியின் அடிப்படை மிக எளிது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டத் தட்டுகள். இரண்டிலும் ஓட்டை இருக்கும். கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு சுழலும். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தால் பொருள் கொட்டும், விலகினால் அடைத்துக்கொள்ளும். பவுடர் டப்பா வேலை செய்வது இப்படித்தான்.

அளந்து கொட்ட வேண்டும் என்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு பகுதி வேண்டும். அதில் ஒரு குழி இருக்கும். டப்பாவைக் கவிழ்த்துத் திருகும்போது குழி முதலில் உள் ஓட்டைக்கு நேராக வந்து நிரம்பும். மேலும் திருகினால் வெளி ஓட்டைக்கு நேராகப் போய்க் காலியாகும். இரண்டு ஓட்டைகளும் ஒரே நேரத்தில் திறக்காது. அதனால் ஒரு சுற்றுக்கு ஒரு குழி அளவுதான் வெளியே வரும்.

காகிதத்தில் வரைய இது சுலபம். நிஜத்தில்தான் சிக்கல். மென்மையான தூள் ஓட்டையின் மேல் வளைவு போலக் கட்டிக்கொண்டு விழாமல் நின்றுவிடும். உப்பும் சர்க்கரையும் ஈரக்காற்றில் கெட்டியாகும். தட்டுகளுக்கு இடையே இடைவெளி அதிகமானால் தூள் கசியும். குறைந்தால் துகள் சிக்கி மூடி திரும்பவே திரும்பாது. காப்புரிமைக்கான வாய்ப்பு பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்தச் சிக்கல்களில்தான்.

மாத்திரையும் மனைவியும்: ஒரு டயலின் கதை

சுழலும் டப்பாவுக்கு காப்புரிமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த இன்ஜினியர் டேவிட் வாக்னர். அவரது மனைவி டோரிஸுக்கு, நான்காவது குழந்தைக்குப் பிறகு கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டது. 1960-களின் தொடக்கம் அது. அப்போது அந்த மாத்திரைகள் சாதாரண பாட்டிலில்தான் வரும். மாதத்தில் 20 நாள் சாப்பிட்டு, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். இன்றைக்குப் போட்டாச்சா, இல்லையா என்பதே வீட்டில் பெரிய கேள்வியானது.

வாக்னர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, அதன்மேல் மாத்திரைகளை வைத்துப் பார்த்தார். தாள் கீழே விழுந்து மாத்திரைகள் சிதறியதும் அந்தத் திட்டம் முடிந்தது. அடுத்து, வட்டமான பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி ஒரு டயல் செய்தார். மேல்தட்டில் ஒரே ஓட்டை. அதை மாத்திரைக்கு நேராகத் திருப்பினால் மாத்திரை வரும். அன்றைய கிழமையும் தெரியும். மாத்திரை எடுத்தாகிவிட்டதா என்பதை டப்பாவே சொல்லிவிடும்.

1962 ஜூலையில் வாக்னர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிறகு மாதிரியை மருந்து நிறுவனங்களுக்குக் காட்டினார். யாரும் வாங்கவில்லை. ஆனால் 1963-ல் ஆர்த்தோ நிறுவனம் டயல் வடிவப் பெட்டியுடன் தன் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1964 ஆகஸ்டில் வாக்னருக்கு காப்புரிமை கிடைத்தது. அதன் பலத்தில் பேசியபோது, விவகாரம் 10,000 டாலருக்குத் தீர்ந்தது. வேறு நிறுவனங்களிடமிருந்து ராயல்டியும் வந்தது. அவர் கையால் செய்த மாதிரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விண்ணப்பம் போட்ட பிறகுதான் அவர் வெளியே காட்டினார். அந்த வரிசை மாறியிருந்தால் கதையும் மாறியிருக்கலாம்.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

இந்தியாவில் 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம்தான் அடிப்படை. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது.

ஒன்று, புதுமை. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கேயும் அது வெளியாகியிருக்கக் கூடாது. இந்தியக் கடைகளில் இல்லை என்பது போதாது. ஜப்பானில் பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காப்புரிமை ஆவணத்தில் அதே அமைப்பு இருந்தாலும் கதை முடிந்தது.

இரண்டு, இன்வென்டிவ் ஸ்டெப். ஏற்கெனவே தெரிந்ததைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவருக்கு, இது சுலபமாகத் தோன்றிவிடக்கூடிய யோசனையாக இருக்கக் கூடாது.

மூன்று, தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். டப்பா மூடிக்கு இதில் பிரச்சினை வராது.

இவற்றோடு பிரிவு 3(எஃப்) என்று ஒரு தடுப்புச் சுவரும் உண்டு. தெரிந்த பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்தால், அது கண்டுபிடிப்பே இல்லை. சுழலும் மூடியோடு ஒரு ஸ்பூனை ஒட்டிவைத்தால் இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான மூடிகள் எங்கே விழுகின்றன?

இரண்டாவது கேள்வியில்தான். இதற்கு இரண்டு தீர்ப்புகளைப் பார்க்கலாம்.

முதலாவது, 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கால்மர் - குக் கெமிக்கல் வழக்கு. குக் கெமிக்கல் பூச்சிமருந்து விற்ற நிறுவனம். ஸ்பிரேயரை பாட்டிலில் பொருத்தியே அனுப்பினால் வழியில் மருந்து கசிந்தது. அதைத் தடுக்க, ஸ்பிரேயரை அமுக்கிப் பிடித்து இறுக்கமாக அடைக்கும் ஒரு மேல்மூடி உருவாக்கப்பட்டது. காப்புரிமையும் கிடைத்தது. பொருள் நன்றாக விற்றது. போட்டியாளரும் அதேபோல் ஒன்றைக் கொண்டுவர, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. பழைய ஆவணங்களில் இருந்தவற்றுக்கும் இந்த மூடிக்கும் வித்தியாசம் மிகச் சிறியது என்றது. ஒப்பிடப்பட்ட ஒரு பழைய காப்புரிமை, திரவம் ஊற்றும் குழாய்க்கானது, ஸ்பிரேயருக்கானது அல்ல. அதைப் பார்க்கக் கூடாது என்ற வாதம் எடுபடவில்லை. இது பூச்சிமருந்துப் பிரச்சினை இல்லை, கொள்கலனை அடைக்கும் பிரச்சினைதான் என்பதே நீதிமன்றத்தின் பார்வை. நெடுநாள் தேவை இருந்தது, நன்றாக விற்றது என்ற வாதங்களும் இந்த வழக்கில் காப்பாற்றவில்லை.

அதாவது, உப்பு டப்பா செய்பவர் உப்பு டப்பாக்களை மட்டும் தேடிப் பார்த்தால் போதாது. மாத்திரை டப்பா, சலவைத்தூள் டப்பா, மீன் தீவன டப்பா என எதிலிருந்தும் அடி வரலாம்.

இரண்டாவது தீர்ப்பு நம் நாட்டுடையது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரத் தொழில் செய்த இரு தரப்பினருக்கு இடையே நடந்த வழக்கு. பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துவைக்கும் ஒரு முறைக்கு 1951-ல் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பழைய உத்தியில் சிறு மாற்றம் செய்தது வெறும் பட்டறை மேம்பாடுதான், அதைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் இந்திய காப்புரிமை வழக்குகளில் இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது.

அப்போ எந்த மூடிக்கு வாய்ப்பு இருக்கு?

ஓட்டையை வட்டத்திலிருந்து சதுரமாக்கினேன், மூன்றை ஐந்தாக்கினேன், பிளாஸ்டிக்குக்குப் பதில் ஸ்டீல் போட்டேன் என்றால் பொதுவாக வாய்ப்பு குறைவு. அதையெல்லாம் எந்த மூடி டிசைனரும் செய்துவிடுவார்.

ஆனால் அந்த அரை ஸ்பூன் டப்பாவில், மூடியைத் திருகும் அதே அசைவு உள்ளே ஒரு சிறு துடுப்பைத் தட்டி, ஓட்டை மேல் கட்டிய உப்பை உடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழி நிரம்பும் அளவும் அதனால் ஒவ்வொரு முறையும் சீராகிறது. இங்கே பாகங்கள் தனித்தனியாக வேலை செய்யவில்லை. ஒன்று இன்னொன்றுக்கு உதவி, புதிய பலன் வருகிறது. இப்படி ஓர் அமைப்பு முன்பு எங்கும் சொல்லப்படவில்லை என்றால், வாதாட இடம் உண்டு.

வாதாடப் பேச்சு போதாது, அளவீடு வேண்டும். பழைய மூடியில் நூறு முறை திருகினால் எடை எவ்வளவு மாறுகிறது, புதிய மூடியில் எவ்வளவு என்று பதிவுசெய்து விண்ணப்பத்தில் காட்டினால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

தேடுவது எப்படி?

முதல் கட்டத் தேடலுக்குச் செலவில்லை. இந்திய காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் எல்லாமே இலவசம்.

வார்த்தையை மட்டும் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். ஒருவர் மூடி என்று எழுதியதை இன்னொருவர் அடைப்பான் என்று எழுதியிருப்பார். அதனால் சர்வதேச வகைப்பாட்டு எண்களைப் பயன்படுத்த வேண்டும். கொள்கலன்களுக்கு பி65டி என்ற பிரிவு. அதில் 83/04 மாத்திரை போன்ற சிறு பொருட்களைத் தரும் டப்பாக்களுக்கும், 83/06 தூள் கொட்டும் டப்பாக்களுக்கும் உரியவை. அளந்து தரும் கருவிகள் ஜி01எஃப் 11-ல் இருக்கும்.

காப்புரிமையா, டிசைன் பதிவா?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. டப்பா எப்படி வேலை செய்கிறது என்பதற்கு காப்புரிமை. எப்படித் தோற்றமளிக்கிறது என்பதற்கு 2000-ம் ஆண்டு டிசைன்ஸ் சட்டப்படி பதிவு. தாமரை மொட்டு வடிவத்தில் புதிதாக ஒரு மூடி செய்தால் டிசைன் பதிவு கிடைக்கலாம். முதலில் 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் நீட்டிப்பு.

ஆனால் சுழலும் அமைப்பை டிசைன் சட்டம் காக்காது. வெறும் இயந்திர அமைப்பை அந்தச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. டிசைன் பதிவு மட்டும் வைத்திருந்தால், போட்டியாளர் வேறு வடிவ மூடிக்குள் அதே அமைப்பைப் போட்டு விற்றுவிட்டுப் போகலாம்.

ரீல்ஸ் போடுவதற்கு முன்...

சிறு தொழில்முனைவோர் பலர் சறுக்கக்கூடிய இடம் இதுதான். டப்பா தயாரானதும் வீடியோ எடுத்துப் போடுவது, கடைகளில் சாம்பிள் கொடுப்பது, கண்காட்சியில் வைப்பது. விண்ணப்பத்துக்கு முன் இப்படி வெளியிட்டால், சொந்த வீடியோவே புதுமைக்கு எதிரான சாட்சியாகிவிடும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு 12 மாத அவகாசம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் எல்லா பொருட்காட்சியும் அந்தக் கணக்கில் வராது.

வடிவமைப்பு முழுமையாகவில்லை என்றாலும் தற்காலிக விண்ணப்பம் போடலாம். தேதி கைக்கு வந்துவிடும். அதன்பின் 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

செலவு, காலக்கெடு என்ன?

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600. பரிசோதனைக் கோரிக்கைக்கு ரூ.4,000. பெரிய நிறுவனங்களுக்கு இவை ரூ.8,000, ரூ.20,000. விவரக்குறிப்பு 30 பக்கத்தையோ 10 கிளெய்மையோ தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு. வழக்கறிஞர் அல்லது ஏஜென்ட் கட்டணம் தனி.

விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களில் வெளியிடப்படும். விண்ணப்பித்தாலே பரிசோதனை தொடங்கிவிடாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் அந்தக் கெடுவை 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகக் குறைத்துவிட்டது. பழைய கணக்கை நம்பித் தவறவிட்டால், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். ஸ்டார்ட்அப்களும் பெண் விண்ணப்பதாரர்களும் விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள். மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதுவும் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். வெளிநாட்டில் வேண்டுமென்றால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கிளெய்ம் எழுதுவதில்தான் சூட்சுமம்

சான்றிதழ் கையில் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. எதற்கு உரிமை என்பதைத் தீர்மானிப்பது கிளெய்ம் எனப்படும் வாசகங்கள். ஆறு பற்கள் கொண்ட நீலப் பிளாஸ்டிக் துடுப்பு என்று எழுதினால், ஏழு பற்களுடன் ஒருவர் வந்து நிற்பார். சுழலும் மூடி எல்லாமே என்னுடையது என்று அகலமாக எழுதினால், பழைய பவுடர் டப்பாவே வந்து அதைத் தள்ளுபடி செய்யவைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எழுத வேண்டும்.

அரை ஸ்பூன் உப்பு டப்பாக்காரர் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஒரு வாரம் உட்கார்ந்து பழைய ஆவணங்களைத் தேடுவது. அதே அமைப்பு ஏற்கெனவே இருந்து, காப்புரிமைக் காலமும் முடிந்திருந்தால், அவருக்கு உரிமை கிடைக்காது. ஆனால் அந்த அமைப்பை யாரும் பயன்படுத்தலாம் என்பதால், வேறு தடை இல்லாத பட்சத்தில் தயாரித்து விற்கத் தடையில்லை. அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றால், மோல்டு ஆர்டர் கொடுப்பதற்கும் வீடியோ போடுவதற்கும் முன்பாக அவர் கட்ட வேண்டியது அந்த ரூ.1,600-ஐத்தான்.