பாத பூஜையும் பாத நாடியும்

நமது நாட்டில் பாதத்துக்கு இருக்கின்ற மரியாதை வேறு எங்காவது இருக்குமா என்பது சந்தேகமே. சாமியின் பாதம், சாமியாரின் பாதம், குருவின் பாதம் இவைகளைப் பாலால் கழுவுகின்றோம். கழுவின தண்ணீரைத் தலையில் தெளித்துக் கொள்ளுகின்றோம். சிலர் குடிக்கவும் செய்கின்றார்கள். செருப்பைச் சிம்மாசனத்தில் ஏற்றி நாடாள விட்டதாகப் புராணமும் படிக்கின்றோம். ஆனால் ஏர் உழுகின்றவன், தறி மிதிக்கின்றவன், மூட்டை சுமக்கின்றவன் ஆகியவர்களின் பாதத்துக்கு ரத்தம் போய்ச் சேருகின்றதா என்று குனிந்து பார்க்கத்தான் ஆளைக் காணோம்.

நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளத் தோழரின் சங்கதியைச் சொல்லுகின்றோம். வயது 55. நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி. கடைத்தெருவுக்கு நடந்தால் பாதி வழியில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் சரியாய்ப் போகும். மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடியும் பிடிக்கும். வீட்டார் வாயு என்றார்கள், எண்ணெய் தேய்த்தார். அடுத்த வீட்டார் வயதாகிவிட்டது என்றார்கள், பேசாமலிருந்தார். ஜோசியர் ஏழரைச் சனி என்றார். சனிக்கிழமை தோறும் எள் விளக்கு ஏற்றினார். வெள்ளியில் ஒரு கால் செய்து கோயில் உண்டியலிலும் போட்டார். வெள்ளிக்கால் இன்று பத்திரமாயிருக்கின்றது. சொந்தக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இதைக் கேட்டதும், "வைத்தியரிடம் போகாமல் கோயிலுக்குப் போனவனுக்கு இதுதான் கதி" என்று நம்மவர்களே சிலர் சொல்லக்கூடும். அது நியாயமல்ல. அவர் வைத்தியரிடமும் போனார். ஒரு தரமல்ல, நாலைந்து தரம் போனார். போன தரமெல்லாம் வலி மாத்திரை கிடைத்தது. கையில் நாடி பார்த்தார்கள். கையில் பிரஷர் பார்த்தார்கள். வலி மட்டும் காலில் இருந்தது! செருப்பைக் கழற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் கால்விரல் கறுத்த பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில்தான் கணுக்காலில் பட்டையைச் சுற்றி அளந்தார்கள். கையில் 150, காலில் 54. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

இந்த அளவு என்ன, இதில் என்ன பெரிய ரகசியம் என்று பார்ப்போம். கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையை இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி 1896-ல் செய்தார். அதனோடு சத்தம் கேட்டு அளக்கும் முறையை ருஷ்ய வைத்தியர் கொரோட்காவ் 1905-ல் சொன்னார். கால் நோயில் காலின் அழுத்தம் எப்படிக் குறைகின்றது என்பதை டிராவிஸ் வின்சர் 1950-ல் அளந்து எழுதினார். டாப்ளர் என்னும் சிறு கருவியைக் கொண்டு கணுக்காலில் அளப்பதை 1969-ல் யாவோ என்பவர் விளக்கினார். ஆகவே இது நேற்று வந்த புதுமையல்ல.

செய்கிற விதமும் சுலபமே. நோயாளி ஐந்து பத்து நிமிஷம் மல்லாந்து படுத்திருக்க வேண்டியது. கணுக்காலுக்கு மேலே பட்டையைச் சுற்றி, பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுவின் பின்புறத்திலும் ஓடுகின்ற நாடிகளில் டாப்ளர் முனையை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையில் காற்றடித்தால் சத்தம் நிற்கும். மெதுவாகக் காற்றை விடும்போது எந்த எண்ணில் சத்தம் திரும்புகின்றதோ அதுதான் அளவு. அந்தக் காலின் இரண்டு நாடிகளில் எது அதிகமோ அதை, இரண்டு கைகளில் எது அதிகமோ அதனால் வகுக்க வேண்டும். மற்றக் காலுக்கும் இப்படியே. அவ்வளவுதான். படுத்திருக்கும் மனிதனுக்குக் காலின் அழுத்தம் கையினுடையதற்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருப்பதுதான் இயற்கை. ஆகையால் 1.00 முதல் 1.40 வரை வந்தால் சரி. 0.90-ம் அதற்குக் கீழும் வந்தால் காலுக்குப் போகும் குழாய் அடைபட்டிருக்கின்றது என்று அர்த்தம். 0.40-க்குக் கீழே போனால் காலுக்கே ஆபத்து. நமது தோழருக்கு 54-ஐ 150-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.36. நாலாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு!

சர்க்கரை வியாதியும் சிறுநீரக வியாதியும் நெடுநாளாய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் பட்டை அதை அமுக்க முடியாமல் 1.40-க்கு மேலே காட்டும். எண் பெரிதாயிருக்கின்றதே என்று சந்தோஷப்படக் கூடாது. அவர்களுக்குக் கால் பெருவிரலில் அளக்க வேண்டும்.

உலகத்தில் இந்த வியாதி உள்ளவர்கள் 2010-ல் 20 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். அவர்களில் பலருக்கு வலியே கிடையாது. கால் குழாயில் அடைப்பு இருந்தால் இருதயத்திலும் மூளையிலும் அது இருக்கக்கூடும். 0.90-ம் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பத்து வருஷத்தில் சாவது மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2008-ல் வெளியிட்டார்கள்.

"எல்லோருக்கும் அளப்பதால் பயன் என்பதற்கு ருசு எங்கே?" என்று படித்த வைத்தியர் ஒருவர் நம்மைக் கேட்கலாம். நல்ல கேள்வி. வைத்தியர் சொன்னார் என்பதற்காகவும் நாம் எதையும் நம்பச் சொல்லவில்லை. வியாதிக் குறியே இல்லாதவர்களுக்கு இதைச் செய்வதால் நன்மை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நிபுணர் குழு 2018-ல் சொன்னது மெய்தான். ஆனால் அது குறி இல்லாதவனைப் பற்றிய பேச்சு. நடக்க முடியாமல் பாதி வழியில் நிற்கின்றவனுக்கும், ஆறாத புண்ணோடு வருகின்றவனுக்கும் அளக்காமலிருக்க எந்தக் குழு சொல்லிற்று?

அப்படியிருக்க ஏன் அளப்பதில்லை? கருவி சட்டைப் பையில் அடங்கும். விலையும் பெரிய ஸ்கான் யந்திரத்துக்கு முன்னே ஒன்றுமில்லை. நேரமில்லை என்பார்கள்; அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் நமக்குத் தோன்றுகிற காரணம் வேறு. தலையில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று எழுதி வைத்த நாட்டில், கால் என்றாலே கீழானது. கூலிக்காரன் கால் அதிலும் கீழானது. அதைக் கையால் தொட்டு நாடி பார்ப்பது அந்தஸ்துக்குக் குறைவு என்கிற எண்ணம் படிப்போடு சேர்ந்தே வருகின்றது போலும். சந்நிதானங்களின் பாதத்தில் விழுகின்ற அதே கை ஏழையின் பாதத்துக்கு நீளுவதில்லை.

பீடி, சிகரெட்டை விடுவதுதான் முதல் மருந்து. குழாயில் ரத்தம் உறையாமலிருக்கவும், கொழுப்பைக் குறைக்கவும் மாத்திரை உண்டு. நடக்காதே என்று பாட்டிமார் சொல்லுவதும் தப்பு. புண்ணும் ராத்திரி வலியும் இல்லாதவர்கள், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்து, வாரத்தில் மூன்று நாளாவது இப்படிச் செய்தால் மூன்று மாதத்தில் நடக்கும் தூரம் கூடுகின்றது. முற்றினதற்குக் குழாயைத் திறக்கின்ற சிகிச்சையும் உண்டு.

நெசவாளத் தோழருக்கு மீதமுள்ள காலில் அளந்தது 0.72. பீடியை விட்டுவிட்டார், பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்து பழகுகின்றார். ஏழரைச் சனி முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கின்றதாம். பரிகாரத்துக்கு ஜோசியர் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றார்.