சத்தத்திற்கு முன் வரவேண்டிய சொல்

எங்கள் ஆமத்தூரில் தொலைவில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் எழும் கேள்வி, கல்குவாரியா, பட்டாசு ஆலையா என்பதே. குவாரியென்றால் வெடிக்குமுன் எச்சரித்திருப்பார்கள். ஆலைக்குள் அலைபேசிக்கு அனுமதியில்லை. ஆகவே வேலைக்குப் போன தாயைப் பற்றியோ அக்காவைப் பற்றியோ யாராவது வந்து சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

1995 ஜனவரி 25 அன்று ருஷ்யாவும் அப்படித்தான் நின்றது. வடதுருவ ஒளியை ஆராய நார்வே ஏவிய ராக்கெட்டை ருஷ்ய முன்னெச்சரிக்கை ரேடார் கண்டது. நீர்மூழ்கியிலிருந்து கிளம்பிய ஏவுகணையோ என்று ஐயம். எல்ட்சினின் அணு ஆயுதக் கட்டளைப் பெட்டி திறக்கப்பட்டது. நார்வே முன்கூட்டியே ருஷ்யாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தது. அது ரேடார் முன் அமர்ந்திருந்தவர்களுக்குப் போய்ச்சேரவில்லை. ரேடாரில் பழுதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரேடார்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் உள்ள பிணக்கு பழையது. முன்னெச்சரிக்கை ரேடார்களை இனி நாட்டின் விளிம்பில், வெளிநோக்கியே அமைக்கவேண்டும் என்றது 1972ஆம் ஆண்டு ஒப்பந்தம். சோவியத் அதைச் சைபீரியாவின் உட்பகுதியில், கிராஸ்நோயார்ஸ்க் பக்கம் கட்டியது. 1989இல் மீறல் என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்காவோ கிரீன்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்த தன் பழைய ரேடார்களை எடுத்துவிட்டுப் புதுவகையை நிறுத்தி, 'நவீனப்படுத்தல்' என்றது. மாஸ்கோ அதை மீறல் என்றது. பழைய மனையில் வேறு வீடு கட்டினால் அது புதுப்பித்தலா என்ற வழக்கு. (உரையாசிரியர்கள் இருந்திருந்தால் நாலு நாள் வாதிட்டிருப்பார்கள்.) 2002இல் அமெரிக்கா வெளியேற, ஒப்பந்தமே இல்லாமற்போயிற்று.

நம் கதைக்கு வருகிறேன். ஏவுகணைச் சோதனைகளை முன்னறிவிக்க இந்தியாவும் பாகிஸ்தானும் 2005இல் உடன்பட்டன. பாலிஸ்டிக் வகைக்கு மட்டும். விபத்துகளை உடனே தெரிவிக்கும் 2007ஆம் ஆண்டு உடன்பாடு அணு ஆயுதங்களைப் பற்றியது மட்டும். 2022 மார்ச் 9 அன்று பராமரிப்பின்போது தவறிப் புறப்பட்ட நம் பிரம்மோஸ், இரண்டுக்கும் வெளியே விழுந்தது. பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தும் உயிர்ச்சேதமில்லை. அதை நல்லூழ் என்றே சொல்வேன்.

ரேடார் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. இஸ்ரேலிய க்ரீன் பைன் வழிவந்த ஸ்வார்ட்ஃபிஷ் நம்மிடம் உண்டு; மேம்படட்டும். ஆனால் வருவது பிழையா பகையா என்பதைத் திரை சொல்லாது; ஏவியவன்தான் சொல்லவேண்டும். குரூஸ் ஏவுகணைகளை முதல் உடன்பாட்டிலும், தவறிப் புறப்படும் எந்த ஏவுகணையையும் இரண்டாவதிலும் சேர்ப்பதற்கு ஒரு ரேடாரின் விலைகூட ஆகாது. விமானப்படை அதிகாரிகள் மூவர் அந்த ஆகஸ்டில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், சரி. தில்லி பகிரங்கமாக வாய்திறந்ததோ மார்ச் 11 அன்று. இரண்டு நாள்! எங்கள் ஊரில் இரண்டு நாள் யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள், ஆலைக்கே போய்விடுவார்கள்.