எந்தப் பக்கம் நீங்கள்?

யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டப் போட்டி 1904ஆம் ஆண்டு தொடங்கியது. ‘வடக்கின் பெரும் சமர்’ என்கிறோம். போரினால் ஆட முடியாமற்போன ஆண்டுகளும் உண்டு.

இரண்டும் ஆண்கள் கல்லூரிகள். “அங்கே படித்தாயா?” என்று கேட்டுத்தான் உள்ளே விடுவதென்றால், சகோதரிகளே, எங்களில் அநேகருக்கு மைதானத்தில் இடமே இல்லை.

எங்கள் மகளிர் குழுவில் ஓர் அக்கா, மத்திய கல்லூரிப் பக்கம். 1995 இடப்பெயர்வோடு ஏழாம் வகுப்பில் அவரது படிப்பு நின்றது. தம்பி அங்கே படித்தவர், 2006இல் காணாமற்போனவர். தம்பி போன பிறகும் ஒவ்வொரு வருடமும் ஓட்ட எண்ணிக்கையை விசாரித்துக்கொண்டே இருக்கிறார். பழைய மாணவர் ஒருவர் பகிடியாகக் கேட்டாராம், “உமக்கென்ன உரித்து?” என்று.

“அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்தது நான்.”

அந்த மனிதர் பிறகு வாய் திறக்கவில்லையாம். திறந்திருந்தால் நானே போய்க் கதைத்திருப்பேன்!

தாம் உறுப்பினராக இல்லாத குழுவையும் மனிதர் தம்முடையதாகக் கொள்வதுண்டு என்று சமூகவியலாளர் ரொபேட் மேர்ட்டன் எழுதியிருக்கிறார். ஆனால் சோற்றுப் பொதியைப் பற்றி அவர் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அக்கா இதுவரை போட்டியை நேரில் பார்த்ததில்லை. பெண்கள் தனியே போய் இருப்பதா என்ற தயக்கம். வரும் மார்ச்சில் நாங்கள் ஐந்து பேர் கூடப் போகிறோம். எனக்கு இரண்டு கல்லூரியிலும் ஒருவருமில்லை. எந்தப் பக்கம் என்பதை அவரே தீர்மானித்துவிட்டார். குடையும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.