பீட்சாவை வீட்டில் செய்வோம்!

பிள்ளைகளே, "இண்டைக்கு இரவுக்கு என்ன சாப்பாடு வேணும்?" என்று கேட்டால் உங்களில் பலர் "பீட்சா!" என்றுதான் சொல்வீர்கள். உடனே ஒருவர் தொலைபேசியை எடுப்பார். கொஞ்ச நேரத்தில் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள்.

அது பிழை என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலையால் களைத்து வரும் நாளில் கடைப் பீட்சா பெரிய உதவிதான். ஆனால், மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது மா குழைப்பதில் தொடங்கி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும். இது என் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அது கஷ்டமான வேலை இல்லை. இத்தாலியின் நாப்போலி நகரம் பீட்சாவுக்குப் பெயர் பெற்றது. அந்நகரத்தாரின் பீட்சா செய்யும் கலையை 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பீட்சாவின் மாவுக்கு நாலே நாலு பொருள்தான்: கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். வீட்டில் 500 கிராம் மாவுக்கு 325 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், 2 தேக்கரண்டி உப்பு, 7 கிராம் உலர்ந்த ஈஸ்ட் போதும். பத்து நிமிடம் கையால் குழைத்தால் மா மிருதுவாகிவிடும். நாப்போலியின் விறகு அடுப்பில் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். எங்கள் வீட்டு ஓவனில், 250 பாகை வெப்பத்தில், பத்து நிமிடம் அளவில் ஆகும். ஓவன் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

இரண்டாவது காரணம், காத்திருக்கும் நேரம். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். அது மாவில் உள்ள சீனியைத் தின்று வாயுவை வெளியே விடும். அதனால் மா ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகப் பொங்கும். "ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். சும்மா இருக்க மாட்டீர்கள்! அம்மம்மா எட்டிப் பார்த்து, "எங்கட தோசை மா புளிக்க ஒரு இரவு வேணும். இது கெதியாப் பொங்கிட்டுதே!" என்பார். "நீங்கள் சின்னனில என்ன சமைச்சனீங்கள், அம்மம்மா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பல வீடுகளில் அம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் என்ன கதைப்பது என்று தெரிவதில்லை. "சாப்பிட்டியா?", "ஓம்". அதோடு கதை முடிந்துவிடும். கையில் ஒரு வேலை இருந்தால் கதை தானாக வரும்.

மூன்றாவது காரணம், எங்கள் மொழி. குழை, உருட்டு, தட்டு, பூசு, துருவு, தூவு. இந்தச் சொற்களைக் கொப்பியில் பத்துத் தரம் எழுதினாலும் மறந்துபோகலாம். சீஸைத் துருவி, உங்கள் கையாலேயே தூவினால் மறக்குமா?

"பீட்சா எங்கட சாப்பாடு இல்லையே! தமிழ் படிக்க இடியப்பம் செய்யலாமே?" என்று சிலர் கேட்கலாம். இடியப்பமும் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பீட்சாவில் உள்ள தக்காளி இத்தாலியில் பிறந்தது அல்ல. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் போனது. எங்கள் கறிக்குப் போடும் மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். உணவு ஊர் விட்டு ஊர் போகும். போன இடத்தில் சொந்தமாகிவிடும். தமிழில் கதைத்துக்கொண்டு செய்தால் பீட்சாவும் எங்கள் வீட்டுச் சாப்பாடுதான்.

ஆகவே, வருகிற சனிக்கிழமை தொலைபேசியை எடுக்க முன், "மா இருக்கா, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். தம்பி தக்காளிச் சாறு பூசட்டும். அப்பா வெங்காயம் வெட்டட்டும். அம்மம்மாவுக்கு ஒரு துண்டில் பச்சை மிளகாய் கூடப் போடுங்கள். சாப்பிடும்போது எல்லாரும் ஒரே மேசையில் இருங்கள்.

கதைத்துப் பார்ப்போம்

1. கடைப் பீட்சாவா, வீட்டுப் பீட்சாவா? உங்கள் கருத்து என்ன? இரண்டு காரணங்கள் சொல்லுங்கள்.
2. "எங்கட", "இண்டைக்கு", "வேணும்" ஆகிய பேச்சுச் சொற்களை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் சமைத்த உணவு ஒன்றைப் பற்றிக் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.