புல்லட் ரயில் வரட்டும். ஆம்பூரில் எந்த வண்டி நிற்கும்?

சென்னை - பெங்களூரு - மைசூரு இடையே சுமார் 435 கி.மீ. நீளத்துக்கு அதிவேக ரயில் பாதை அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஜோலார்பேட்டை மார்க்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நான் கேட்பது வேறு. அந்தப் பாதை வந்த பிறகு குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எந்தெந்த வண்டி நிற்கும்?

அரக்கோணத்துக்கு மேற்கே போக ஒன்று, வர ஒன்று என இரண்டே பாதைகள். வந்தே பாரத், சதாப்தி, பிருந்தாவன், சரக்கு வண்டி, மெமு பயணிகள் வண்டி எல்லாம் அதில்தான் ஓடியாக வேண்டும். பின்னால் வேக வண்டி வந்தால், முன்னால் போகும் சாதாரண வண்டியை லூப் லைனில் ஒதுக்கிவிட்டு மெயின் லைனுக்கு சிக்னல் கொடுப்போம். விதிப்படி அது சரிதான். ஆனால், டிபன் கேரியரும் கையுமாக இறங்கி வந்து, "இன்னும் எவ்வளவு நேரம் சார்? லேட்டானா அரை நாள் சம்பளம் போயிடும்" என்று கேட்கும் ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு அந்த விதியை எப்படி விளக்குவது? கண்ட்ரோல் சொன்னதைச் செய்பவன் நான். "இதோ விட்டுடுவாங்கம்மா" என்பேன்.

அதனால்தான் வேக வண்டிகளுக்குத் தனிப்பாதை என்பதை மனதார வரவேற்கிறேன். அவை விலகினால் பழைய பாதையில் இடம் கிடைக்கும். அந்த இடம் யாருக்கு என்பதுதான் விவகாரம்.

508 கி.மீ. நீள மும்பை - அகமதாபாத் புல்லட் ரயில் பாதையில் 12 நிலையங்கள்தான். அதன் தண்டவாள அகலம் 1,435 மி.மீ.; நம் அகலப்பாதை 1,676 மி.மீ. பிரான்சின் டிஜிவி அதிவேகப் பாதையிலிருந்து இறங்கிச் சாதாரணப் பாதையிலும் ஓடி, சிறிய ஊர்களுக்குப் போய்விடும். தண்டவாள அகலம் வேறு என்பதால் நம் புல்லட் ரயிலால் அது முடியாது. நிலையம் கிடைக்காத ஊருக்குப் பழைய பாதையை விட்டால் வேறு கதி இல்லை.

புல்லட் ரயில் தொழில்நுட்பத்தை ஜப்பானிடமிருந்து வாங்குகிறோம். பாடத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். நம் பிருந்தாவன் ஓடத் தொடங்கிய அதே 1964இல் டோக்கியோ - ஒசாகா ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்தது. அதற்கு இணையான பழைய டொகைடோ பாதை கைவிடப்படவில்லை. இன்றும் சரக்கும் அன்றாடப் பயணிகளும் அதில் போகிறார்கள். பின்னால் வந்த பாதைகளின் கதை வேறு. புதிய ஷின்கான்சென் திறந்தால் அதற்கு இணையான பழைய பாதையை ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில் நிறுவனங்கள் கழற்றிவிடலாம் என்று 1990இல் முடிவானது. 1997இல் நாகானோ ஷின்கான்சென் வந்ததும், உசுயி கணவாயில் யோகோகவா - கருய்சவா இடையிலான 11.2 கி.மீ. பாதை மூடப்பட்டது. மலையேறத் துணை இன்ஜின் மாட்டும் நேரத்தில், பிளாட்பாரத்தில் மண்பானைச் சோறு விற்ற ஊர் யோகோகவா. இப்போது தண்டவாளம் அங்கேயே முடிகிறது. மேலே போகப் பேருந்துதான். ஹொக்குரிகு ஷின்கான்சென் பாதை 2024 மார்ச்சில் சுருகா வரை நீண்டது. அதுவரை ஒசாகாவில் ஏறி கனசாவாவில் இறங்கியவர்கள், இப்போது நடுவழியில் வண்டி மாற வேண்டியிருக்கிறது.

உலகிலேயே நீளமான அதிவேகப் பாதைகள் சீனாவில் இருக்கின்றன. அங்கேகூட சிச்சுவானின் லியாங்ஷான் மலைப்பகுதியில், ஆடு கோழிகளோடு ஏற அனுமதிக்கும் மெதுவண்டி ஒன்றை 2 யுவான் தொடக்கக் கட்டணத்தில் ஓட்டுகிறார்கள். லாபம் பார்த்து ஓட்டும் வண்டியில்லை அது.

நம் அனுபவம் என்ன? கொரோனா காலத்தில் பாசஞ்சர் வண்டிகள் சிறப்பு ரயில்களாகிக் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. தொற்று ஓய்ந்தும் பழைய கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி ஆனது. கொரோனா காலத்தில் பறிபோன நிறுத்தங்களுக்காக ஊர் ஊராக மனு கொடுத்தார்கள். வந்தே பாரத்தில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. போன வண்டியும் நிறுத்தமும் தானாகத் திரும்பி வருவதில்லை என்பதை இந்த அனுபவம் சொல்கிறது.

எனவே, அதிவேகப் பாதைக்கு ஒப்புதல் தரும் ஆணையிலேயே பழைய பாதையின் கணக்கையும் எழுத வேண்டும். எந்த ஊரில் ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை வண்டி நிற்கும், காலியாகும் நேரத்தில் எத்தனை மெமுவும் முன்பதிவில்லாத வண்டியும் ஓடும், சாதாரணக் கட்டணம் எத்தனை ஆண்டுக்கு நீடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் ரயில்வேயில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நிலம் எடுக்கும் அறிவிப்பு வருவதற்கு முன்பே, காட்பாடி முதல் ஜோலார்பேட்டை வரை உள்ள பயணிகள் சங்கங்களும், அந்தத் தொகுதிகளின் எம்.பி.க்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.