பெட்டி அழகா இருக்கான்னு பார்க்காதீங்க, பெட்டி உண்மை சொல்லுதான்னு பாருங்க

1/
அன்பாக்சிங் வீடியோ பார்க்காதவர்கள் இன்று ரொம்பக் குறைவு. போன், மிக்ஸி, ஷூ என்று ஆரம்பித்து இப்போது எதை வேண்டுமானாலும் பிரித்துக் காட்டுகிறார்கள். சமீபத்தில் என் கண்ணில் பட்டது ஒரு வெளிநாட்டு வீடியோ. சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் பிரெஸ் மெஷின். நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவைத் தொடவே முடியாது, அங்கே வீட்டு ஷெட்டில் வைத்து அதைச் செய்கிறார்கள். அது இருக்கட்டும்.

2/
வீடியோவில் பாதி நேரம் மெஷின் பற்றி இல்லை. பெட்டி பற்றி! அட்டை எவ்வளவு தடிமன், ஃபோம் அச்சு சரியாக உட்கார்ந்திருக்கா, போல்ட் எல்லாம் தனித்தனி கவரில் இருக்கா என்று ஒரே அலசல். கடைசியில் பேக்கிங்குக்கு முழு மார்க். கீழே கமெண்டில் கொண்டாட்டம்.

கேலி செய்யவில்லை. அவர் பெட்டியைக் கவனித்தது சரி. ஆனால் பெட்டியிடம் கேட்ட கேள்வி பாதிதான். "பொருளைக் காப்பாத்துனியா?" என்று கேட்டார். "வழியில் பொருளுக்கு என்ன நடந்ததுன்னு எனக்குச் சொல்லுவியா?" என்று கேட்கவில்லை.

இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வாங்க.

3/
நீலகிரிக்கும் "மருந்து"க்கும் பழைய உறவு. 1900-களின் தொடக்கத்திலேயே அருவங்காட்டில் கார்டைட் ஃபேக்டரி வந்துவிட்டது. அங்கே தயாராவது துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் வெடிமருந்து. சில கிலோமீட்டர் தள்ளி குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட். 1907-ல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கியது, பிறகு டி.பி.டி தடுப்பூசி வரை தயாரித்தது.

ஒன்று உயிரை எடுக்கும் மருந்து, இன்னொன்று உயிரைக் காக்கும் மருந்து. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி: தயாரிப்பது பாதி வேலைதான். வெடிமருந்தில் ஈரம் ஏறினால் எரிய வேண்டிய விதத்தில் எரியாது, நீண்ட நாள் சூட்டில் கிடந்தால் அதன் ரசாயனமே சிதைய ஆரம்பிக்கும். தடுப்பூசியும் அப்படித்தான். கெட்டுப்போயிருக்கும், பார்க்க நல்லாவே இருக்கும்.

4/
இப்போது ஒரு தடுப்பூசிக் குப்பி செய்யும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலை, மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து கிராம சுகாதார செவிலியர் தோளில் தொங்கும் நீல நிற கேரியர். எஸ்டேட் லைன் வீட்டுக் குழந்தைக்குப் புதன்கிழமை ஊசி போடும்போது அந்தக் குப்பி இத்தனை கை மாறியிருக்கும். எல்லாக் கையிலும் அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன ஃபோம், தடிமன் அட்டை எதுவும் இதற்கு சாட்சி சொல்லாது.

5/
சாட்சி சொல்வது ஒரு குட்டி ஸ்டிக்கர். வி.வி.எம் என்போம். அரசு தடுப்பூசிக் குப்பிகளில் இருக்கும். ஒரு வட்டம், உள்ளே ஒரு சதுரம். புதிதாக இருக்கும்போது சதுரம் வெளுப்பாக இருக்கும். சூடு படப் பட அது கருத்துக்கொண்டே போகும், திரும்ப வெளுக்காது.

சதுரம் வட்டத்தைவிட வெளுப்பு: போடலாம்.
சதுரமும் வட்டமும் ஒரே நிறம், அல்லது சதுரம் அதைவிடக் கருப்பு: போடக்கூடாது.

இவ்வளவுதான். டாக்டருக்குப் படித்திருக்கத் தேவையில்லை. 1996-ல் போலியோ சொட்டு மருந்தில்தான் உலகளவில் இது முதலில் வந்தது. ஏனென்றால் சூட்டை அறவே தாங்காத மருந்து அது. என்னைக் கேட்டால், மருத்துவ உலகின் சிறந்த பேக்கிங் இதுதான். அழகே கிடையாது. ஆனால் பொய் சொல்லாது.

6/
சரி, இதோடு முடிந்ததா? சமவெளிக்கு வேண்டுமானால் பாதி முடிந்தது எனலாம். மலைக்கு இல்லை.

வி.வி.எம் சூட்டை மட்டும்தான் காட்டும். குளிரில் உறைந்துபோனால் காட்டாது. சதுரம் வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே மருந்து செத்திருக்கும்.

பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி, டி.டி, நிமோகாக்கல் போன்ற ஊசிகளில் அலுமினிய உப்பு சேர்த்திருப்பார்கள், எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட. உறைந்தால் அந்த உப்பு திரண்டு கட்டியாகிவிடும். மறுபடி உருகினாலும் பழைய நிலைக்கு வராது. திரிந்த பாலைச் சூடு பண்ணினால் மறுபடி பாலாகுமா? அந்தக் கதைதான்.

7/
இதில் பயங்கரம் என்னவென்றால், யாருக்கும் எதுவும் தெரியாது. ஊசி போட்டாச்சு என்று கார்டில் டிக் இருக்கும். குழந்தை அழுதிருக்கும், அன்று ராத்திரி அம்மா தூங்கியிருக்க மாட்டார். ஆனால் உடம்பில் பாதுகாப்பு ஏறியிருக்காது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்வெளியெல்லாம் உறைபனி. டூரிஸ்ட்டுக்கு அது ரீல்ஸ். எங்களுக்குக் கவலை. "வெளியே இவ்வளவு குளிர், மருந்துக்கு ஒன்றும் ஆகாது" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வெளியே குளிர் என்றால் கேரியருக்குள் இருக்கும் ஐஸ் கரைய மாட்டேன் என்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் குப்பி உறையும் ஆபத்து ஏறுகிறது.

8/
அதனால்தான் ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை எங்கள் செவிலியர்கள் உடனே கேரியரில் வைக்க மாட்டார்கள். மேஜையில் வைத்து, அது வியர்க்கும் வரை காத்திருந்து, காதருகே ஆட்டி, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பார்கள். குளிர் காலத்தில் இதற்குக் கூடுதல் நேரம் ஆகும்.

அடுத்த முறை "ஏன் சிஸ்டர் லேட்டு?" என்று சண்டை போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாமதத்தில்தான் உங்கள் பிள்ளையின் தடுப்பூசி உயிரோடு இருக்கிறது.

9/
"டாக்டரே இப்படிப் பயமுறுத்தினா யாரு ஊசி போட வருவாங்க?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பயமுறுத்த எழுதவில்லை. அரசு தடுப்பூசி அமைப்பில் ஐ.எல்.ஆர் என்ற தனிக் குளிர்பெட்டி இருக்கிறது. கரண்ட் ஒரு நாளில் 8 மணி நேரம்தான் வந்தாலும் அது வெப்பநிலையைக் காக்கும். வெப்பநிலையைக் குறித்துவைக்கும் கருவிகள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஷேக் டெஸ்ட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பொறுப்பான மனிதர்கள் இருக்கிறார்கள். தைரியமாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

என் கவலை அந்த அமைப்புக்கு வெளியே இருக்கும் பெட்டிகளைப் பற்றியது. அதாவது உங்கள் வீட்டுப் பெட்டி.

10/
ஒரு கேஸ் சொல்கிறேன். தேயிலை பறிக்கும் அக்கா, ஐம்பதை நெருங்கும் வயது. இன்சுலின் தவறாமல் போடுகிறார், சாப்பாட்டிலும் கட்டுப்பாடு. சுகர் 400-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. டோஸ் ஏற்றியும் பலனில்லை. "மருந்தை எடுத்துட்டு வாங்கக்கா" என்றேன். மகன் கோயம்புத்தூரில் இருந்து வாங்கி, தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் நிறையப் போட்டு, அதன் நடுவில் புதைத்துக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் "இன்னும் நல்லா இருக்கட்டும்" என்று ஃப்ரீசருக்கு அடியில் இருக்கும் டிரேயில் வைத்திருக்கிறார்கள். குப்பியை உருட்டிப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கட்டி.

புதுக் குப்பி, பழைய டோஸ். சுகர் இறங்கியது.

அந்த மகன் செய்தது அலட்சியம் இல்லை. அளவுக்கு மீறிய அக்கறை. அட்டைப் பெட்டியில் "உறைய விடாதீர்" என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கியவருக்கும் போடுபவருக்கும் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை.

11/
எனவே இன்சுலின் பெட்டியைப் பிரிக்கும்போது:

▪️ வாங்கும் கடையில் அது ஃப்ரிட்ஜில் இருந்து எடுக்கப்படுகிறதா, அலமாரியில் இருந்தா என்று பாருங்கள். அலமாரி என்றால் வேண்டாம்.
▪️ குன்னூரில் வாங்கி ஒரு மணி நேர பஸ்ஸில் எஸ்டேட் போக ஐஸே தேவையில்லை. கீழே இருந்து வெயிலில் கொண்டுவந்தால் மட்டும் ஐஸ் பேக். அதையும் துணியில் சுற்றி, மருந்தைத் தொடாமல் வையுங்கள்.
▪️ பிரிக்காத குப்பி ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில். ஃப்ரீசரிலும் அதன் அடி டிரேயிலும் கூடாது, பின்சுவரை ஒட்டியும் கூடாது.
▪️ போட ஆரம்பித்த குப்பியை நம்ம மலை வீட்டில் வெளியிலேயே வைக்கலாம். பெரும்பாலானவை 28 நாள் தாங்கும், உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லையே என்று லைன் வீட்டில் யாரும் குறுக வேண்டாம்.
▪️ தெளிவாக இருக்க வேண்டியது கலங்கலாக இருந்தாலோ, கலங்கல் வகை உருட்டிய பிறகும் திரிதிரியாக நின்றாலோ போடாதீர்கள்.
▪️ ஒருமுறை உறைந்தது என்று தெரிந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். காசு போச்சே என்று மனசு கேட்காது. ஆனாலும் போடுங்கள்.

12/
மெஷின் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வருவதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது போக ஹேர்பின் வளைவுகளில் லாரி போடும் ஆட்டம். இந்த ஊருக்கு வரும் எந்தப் பெட்டியும் பரீட்சை எழுதிவிட்டுத்தான் வருகிறது.

பெரிய மெஷின் பெட்டிகள் சிலவற்றில் சாய்த்தாலோ இடித்தாலோ சிவப்பாக மாறும் ஸ்டிக்கர் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் அதைப் பாருங்கள். சிவப்பு என்றால் போட்டோ எடுத்து, டெலிவரி சீட்டிலேயே எழுதிவிட்டு வாங்குங்கள். குளிர்பெட்டி எதுவானாலும் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே ஸ்விட்ச் போடாமல் பல மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். கம்ப்ரெசர் பிழைக்கும்.

13/
இனி என் கருத்து.

ஒன்று: இலவசமாகப் போடும் அரசுத் தடுப்பூசியில் சூட்டைக் காட்டும் ஸ்டிக்கர் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் தனியார் தடுப்பூசிகள் பலவற்றில் இல்லை. கடையில் விற்கும் இன்சுலினில் நான் இதுவரை பார்த்ததில்லை. தடுப்பூசியையாவது ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ் காக்கிறது. மாதக் கணக்கில் வீட்டில் வைத்துப் போடும் இன்சுலினுக்கு அந்தக் காவல்கூட இல்லை. அதற்குத்தானே ஸ்டிக்கர் முதலில் வேண்டும்?

இரண்டு: ஐஸ் மருந்தைத் தொடாதபடி நடுவில் தடுப்பு வைத்த, உறையவிடாத கேரியர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்கு வாங்கும்போது நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு என்று மலையில் இருந்து ஆரம்பியுங்கள்.

மூன்று: "உறைய விடாதீர்" என்ற ஒரு வரி தமிழில், பெரிய எழுத்தில், பெட்டியின் முகத்தில் வேண்டும். கூடவே ஐஸ் கட்டி மேல் பெருக்கல் குறி போட்ட படம் ஒன்று, எழுத்துத் தெரியாதவர்களுக்காக.

14/
"செலவு கூடும் சார்" என்பார்கள். கூடும்தான். ஆனால் உறைந்த இன்சுலினைப் போட்டுக்கொண்டு, டோஸ் ஏற்றி, அட்மிட் ஆகி, நாள் கூலி இழக்கும் அந்த அக்காவின் கணக்கில் அந்தச் செலவு ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பில் யார் பெயரில் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை. ஃப்ரிட்ஜைத் திறந்து அப்பா அம்மாவின் இன்சுலின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ரீசர் பக்கம் இருந்தால், அது உறைந்திருக்குமா என்று உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு அடுத்த ஊசி போடுங்கள். அதுவரை போடாமலே விட்டுவிடாதீர்கள், அன்றே புதுக் குப்பி வாங்கிவிடுங்கள்.

தேவைப்படும் ஒருவருக்காவது இதை அனுப்பி வையுங்கள்.

அரசு மருத்துவர், நீலகிரி