குஞ்சின் நிறம் பார்த்து விலை பேசலாமா?

பல்லடம் பக்கம் பிராய்லர் குஞ்சுப் பெட்டியைத் திறந்தால் அத்தனையும் மஞ்சள். வளர்ந்தால் அத்தனையும் வெள்ளை. உரித்த கறியில் கரும்புள்ளி தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே நிலைநிறுத்திய நிறம் அது.

நாட்டினமான பெருவிடைக் கோழி அப்படியல்ல. ஒரே அடையில் கறுப்பும் பழுப்பும் கலந்து பொரியும். முதுகில் கோடு விழுந்த பழுப்புக் குஞ்சு சேவலானால் செங்கழுத்தும் கறுத்த மார்புமாக நிற்கும். பெட்டையானால் பழுப்பிலேயே தங்கிவிடும். கறுப்புக் குஞ்சின் வயிற்றடியில் தெரியும் வெளுப்பைக் கண்டு ‘கலப்பு’ என்று ஒதுக்குவது அவசர முடிவு. இறகு மாறும்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும். குஞ்சின் நிறம் ஒன்றும் சொல்லாது என்பதல்ல. தலையில் உள்ள வெள்ளைப் பொட்டை வைத்து ஆண், பெண் பிரிக்கும் கோழியினங்களைக் கேம்பிரிட்ஜில் மரபியலாளர் புன்னெட் உருவாக்கினார். ஆனால் அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பெழுத வேண்டியிருந்தது.

மாட்டிலும் நிறம் மாறும்: காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். அதை யாரும் குறை சொல்வதில்லையே!

குஞ்சு வாங்குவோர் தாய்க்கோழியையும் சேவலையும் நேரில் பாருங்கள். வளர்ப்போர் குஞ்சின் காலில் வளையமிட்டு, பொரிந்த அன்றும் ஆறாம் மாதமும் படமெடுத்து வையுங்கள்.